கரப்பான் உள்ளவரின் உளூவும் தொழுகையும்

ஆண்கள் பட்டு அணிவது ஹராம் என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த சட்டம். அத்தகைய உறுதியான தடையைக் கருணை நபி (ஸல்) அவர்கள் இரண்டு ஸஹாபாக்களுக்குத் தளர்த்திக் கொடுத்தார்கள். ஒருவர் ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). மற்றவர் ஹழ்ரத் ஸுபைர் பின் அவ்வாம் (ரலி). காரணம், அவ்விருவரின் உடலிலும் ஏற்பட்டிருந்த அரிப்பு. ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியை இமாம் புகாரி, இமாம் முஸ்லிம் (ரஹ்) இருவருமே தம் நூல்களில் பதிவு செய்துள்ளார்கள்.

அவ்விருவரும் சாதாரணமானவர்களா? சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் இடம் பெற்றவர்கள். போர்க்களங்களில் வாள் வெட்டுகளைத் தாங்கியவர்கள். அப்படிப்பட்டவர்களிடம், "அரிப்புத்தானே, பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. அரிப்பையும் ஒரு நோயாக மதித்து, அதற்கெனச் சட்டத்தில் ஒரு சலுகையையே அளித்தார்கள்.

பட்டு நெசவே பிழைப்பாக உள்ள சேவூரிலும் ஆரணியிலும் வாழும் நமக்கு இந்த ஹதீஸ் தனிப்பட்ட பாடமாகும். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் கைகளில் கரப்பான் கண்டு, வெடிப்பு விட்டு, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று சொல்வோர் உண்டு. பிள்ளையின் முழங்கை மடிப்பில் புண்ணாகி இரவெல்லாம் அழுகிறது என்று முறையிடும் தாய்மார்கள் உண்டு. "இந்தக் கையோடு எப்படி உளூச் செய்வது?" என்று தயங்கித் தொழுகையையே தள்ளிப் போடுவோரும் உண்டு. இவர்களுக்கு மார்க்கம் என்ன வழி காட்டுகிறது, வீட்டில் இந்நோயை எப்படித் தணித்துக் கொள்வது என்பதைக் காண்போம்.

கரப்பான் என்பது என்ன?

மருத்துவர்கள் எக்ஸிமா என்று அழைப்பதையே நம் முன்னோர் கரப்பான் என்றனர். நம் தோலின் மேலடுக்கு, நன்கு பூசப்பட்ட சுவர் போன்றது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியில் உள்ள தூசியையும் காரத்தையும் உள்ளே விடாது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் பூச்சு பலவீனமாக அமைந்து விடுகிறது. ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஏற்படும் குறையே பலரிடம் இதற்கு முக்கிய காரணம் என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதனால்தான் இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஆஸ்துமா, ஓயாத தும்மல் உள்ள வீடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

வேறு சிலருக்குப் பிறவித் தோல் நன்றாகவே இருந்தும், சோப்பு, சோடா, சாயம், சிமெண்ட் ஆகியவற்றில் ஓயாமல் புழங்குவதால் கையில் கரப்பான் வருகிறது. எந்த வகையானாலும் நிகழ்வது ஒன்றே. தோல் வறள்கிறது, அரிக்கிறது, சொறிகிறோம், சொறிந்த இடம் மேலும் கிழிந்து மேலும் அரிக்கிறது. இந்தச் சுழற்சியை அறுப்பதே சிகிச்சை.

இது ஒட்டுவாரொட்டி நோயன்று என்பதை நன்கு நினைவில் வையுங்கள். கரப்பான் உள்ளவருடன் முஸாஃபஹா செய்வதாலோ, ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ அது பரவாது. அவர் நீட்டும் கையைக் கண்டு நம் கையை இழுத்துக் கொள்வது ஒரு முஃமினின் உள்ளத்தைப் புண்படுத்தும் செயல். ஆனால் சிரங்கு வேறு. அது கண்ணுக்குப் புலப்படாத சிறு பூச்சியால் வருவது, விரல் இடுக்கில் தொடங்கி வீட்டில் உள்ள பலருக்கும் இரவில் அரிக்கும். படர்தாமரையும் வேறு, அது பூஞ்சையால் வட்டமாகப் படர்வது. இவ்விரண்டும் பரவக் கூடியவை. இவற்றின் மருந்தும் வேறு. ஆகவே, எது என்று மருத்துவரிடம் காட்டித் தெரிந்து கொள்வதே முதற் கடமை.

உளூவில் அளவு

உளூவின் உறுப்புகளை ஒரு முறை முழுமையாகக் கழுவுவது பர்ளு. மும்முறை கழுவுவது ஸுன்னத்து. நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு முறை, இரு முறை, மும்முறை எனக் கழுவிய மூன்று விதங்களும் புகாரியில் தனித்தனிப் பாடங்களாக உள்ளன. ஐவேளையும் மும்முறை கழுவினால் ஒரு நாளில் கைகள் பதினைந்து முறை நனைகின்றன. நலமுள்ளவருக்கு அது நன்மையே. தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் வெடிப்பவர், நோய் தணியும் வரை ஒரு முறையோடு நிறுத்திக் கொண்டால் அவருடைய உளூவில் எக்குறையும் இல்லை.

மூன்றுக்கு மேல் கழுவுவதோ யாருக்கும் நன்மையன்று. அது வரம்பு மீறல் என ஹதீஸில் கண்டிக்கப்பட்டுள்ளது. "நனைந்ததோ இல்லையோ" என்ற வஸ்வாஸில் ஐந்து முறையும் ஆறு முறையும் தேய்த்துக் கழுவுவோர் தம் தோலையும் கெடுத்து, ஸுன்னத்தையும் இழக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்துள்ளார்கள். ஷாஃபிஈ கணக்கில் அது ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான்! குழாயைத் திறந்து விட்டுக் குடம் குடமாகக் கொட்டும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஹிஜ்ரி 8-ம் ஆண்டில், அந்த நாளின் தொழுகைகள் பலவற்றை நபி (ஸல்) அவர்கள் ஒரே உளூவில் தொழுதார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அது பற்றிக் கேட்டபோது, வேண்டுமென்றே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். இது முஸ்லிமில் உள்ளது. எனவே அஸருக்குச் செய்த உளூ முறியாதிருந்தால் மஃரிபையும் இஷாவையும் அதிலேயே தொழலாம்.

உளூவுக்குச் சோப்பு தேவையில்லை. மிகக் கொதித்த நீரும் வேண்டாம். விரல் இடுக்கைக் குடைந்து கழுவுவது ஸுன்னத்து. கழுவிய பின் அங்கே ஈரத்தைத் தங்க விடாமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நோயுள்ளவர் உளூவின் நீரைத் துடைப்பதில் குற்றமேதுமில்லை. தேய்க்காமல் ஒற்ற வேண்டும்.

களிம்பு பூசினால் உளூ கூடுமா?

அடிக்கடி கேட்கப்படும் மஸ்அலா இது. கரப்பானுக்கு வீட்டில் செய்யக் கூடிய மருத்துவத்தில் தலையாயது, தோலைப் பசையோடு வைத்திருப்பதாகும். வாசனை சேராத வாஸலின் போன்ற களிம்பை, கை கால் ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே பூச வேண்டும். ஒவ்வோர் உளூவுக்குப் பின்னும் இதனை வழக்கமாக்கிக் கொண்டால், தோலை உலர்த்தக் கூடிய ஐந்து வேளைகளும் தோலுக்கு மருந்திடும் ஐந்து வேளைகளாக மாறி விடும்.

அடுத்த உளூவின்போது தோலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் அது உளூவைத் தடுக்காது. அதன் மேல் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடினாலும் உறுப்பு முழுவதும் நீர் ஓடி விட்டால் போதும். மெழுகு, பிசைந்த மாவு, நகப்பூச்சு போல நீர் புகாத கனமான படலம் இருந்தால்தான் அதை அகற்ற வேண்டும். களிம்பு கெட்டியாகப் படிந்திருந்தால் துணியால் வழித்து விட்டு உளூச் செய்யுங்கள். சோப்புப் போட்டுச் சுரண்ட வேண்டியதில்லை. நோன்பு வைத்த நிலையிலும் தோல் மீது களிம்பு பூசலாம், நோன்பு முறியாது.

தண்ணீர் ஒத்துக் கொள்ளாதபோது

தோல் வெடித்து, நீர் வடியும் நிலையில், தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்பதைத் தம் அனுபவத்தாலோ நம்பகமான மருத்துவர் சொல்லாலோ ஒருவர் அறிந்தால், அவருக்குரிய சட்டங்கள் இவை.

1. குளிர்ந்த நீர் கெடுதல் செய்து, வெதுவெதுப்பான நீர் கெடுதல் செய்யாவிட்டால், வெந்நீரையே பயன்படுத்த வேண்டும்.

2. கழுவுவது கெடுதல், ஈரக் கையால் தடவுவது கெடுதலில்லை என்றால், அந்த இடத்தைத் தடவி (மஸ்ஹு செய்து), மற்ற இடங்களைக் கழுவ வேண்டும்.

3. மருந்திட்டுக் கட்டுப் போட்டிருந்து, அதை அவிழ்ப்பது கெடுதல் என்றால், கட்டின் மீது மஸ்ஹு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இதுவே போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபில் இதனுடன் தயம்மும் செய்வதும் சேரும்.

4. உளூ உறுப்புகளில் பெரும்பகுதி புண்ணாகி விட்டால், ஹனஃபி மத்ஹபின்படி தயம்மும் மட்டும் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் நல்ல பகுதியைக் கழுவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்ய வேண்டும்.

கடமையான குளிப்புக்கும் இவ்வாறே.

"நோயாளி தயம்மும் செய்வதா? அது பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காதவருக்கு அல்லவா?" என்று சிலர் ஐயப்படுகின்றனர். திருமறையின் மாயிதா அத்தியாயம் 6-ம் வசனத்தில், தயம்மும் செய்வோரைக் குறிப்பிடும்போது அல்லாஹுத்தஆலா முதலில் கூறுவது நோயாளியைத்தான். பயணியைப் பின்னரே கூறுகிறான். உங்களைச் சிரமத்திற்குள்ளாக்க அவன் நாடவில்லை என்பதும் அதே வசனத்தின் கருத்தாகும்.

இந்தச் சலுகையை மறுத்ததால் ஓர் உயிரே போனது. ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வரும் செய்தி இது. ஸஹாபாக்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லி விட்டனர். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களே அவரைக் கொன்று விட்டதாகக் கடுமையாகக் கண்டித்து, அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்று வருந்தினார்கள். நோயாளியிடம் "தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, கழுவுங்கள்" என்று எளிதாகச் சொல்லி விடும் நம் நாவுகளுக்கு இது எச்சரிக்கையன்றோ?

நீர் வடிதலும் சொறிதலும்

கரப்பான் புண்ணிலிருந்து நீரோ சீழோ இரத்தமோ வெளிப்பட்டு, அவ்விடத்தை விட்டு வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறியும். வழியாமல் புண்ணிலேயே கசிந்து நின்றால் முறியாது. ஒரு தொழுகை நேரம் முழுவதும் உளூவோடு தொழுது முடிக்க இடைவெளியே இல்லாமல் வடிந்து கொண்டிருந்தால் அவர் "மஃதூர்" ஆவார். ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் உளூச் செய்து, அந்த நேரத்திற்குள் பர்ளும் நஃபிலும் தொழலாம், குர்ஆனைத் தொடலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வாறு புண்ணிலிருந்து வடிவதால் உளூ முறிவதில்லை. தம் புண்ணிலிருந்து ஆடையில் படும் சிறு அளவும் மன்னிக்கப்பட்டதே.

தொழுகையில் அரிப்பு வந்தால் என்ன செய்வது? கூடிய வரை அடக்கிக் கொள்ள வேண்டும். முடியாதபோது ஒரு கையால் மெல்ல ஒரு முறையோ இரு முறையோ தடவிக் கொள்ளலாம். ஒரே ருக்னில் ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து எடுத்து மூன்று முறை சொறிந்தால் ஹனஃபி மத்ஹபில் தொழுகை பாத்திலாகி விடும். ஷாஃபிஈ மத்ஹபிலும் தொடர்ச்சியான மூன்று அசைவுகள் தொழுகையை முறிக்கும் என்றாலும், பொறுக்கவே முடியாத அரிப்புள்ளவருக்கு விலக்குண்டு. தொழுகைக்குச் சற்று முன் களிம்பு பூசிக் கொண்டால் இந்தச் சோதனை பெரிதும் குறையும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குளியல்: நாள்தோறும் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நார் போட்டுத் தேய்ப்பது, பயற்றம் மாவால் சுரண்டுவது, டெட்டால் ஊற்றிக் குளிப்பது ஆகியவை கூடாது. சோப்பை அக்குள் முதலிய இடங்களோடு நிறுத்திக் கொள்ளலாம். குளித்ததும் ஈரத்தை ஒற்றி, மூன்று நிமிடத்திற்குள் உடல் முழுவதும் களிம்பு பூச வேண்டும். குளிக்கும் நீரில் எண்ணெய் மருந்து கலப்பதால் கூடுதல் பயனில்லை என்பதை 2018-ல் பிரிட்டனில் 482 குழந்தைகளிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தப் பணத்தைத் தோலில் பூசும் களிம்புக்கே செலவிடுங்கள்.

எண்ணெய்: புண்ணில்லாத வறண்ட தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லதே. கடுகெண்ணெய் வேண்டாம். சைத்தூன் எண்ணெய் பரக்கத்தானது. உணவில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் கரப்பான் தோலில் நாள்தோறும் பூசினால் அது சிலருக்கு ஒத்துக் கொள்வதில்லை என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

நகம்: நகம் களைவது ஃபித்ராவைச் சேர்ந்த ஸுன்னத்து. நாற்பது நாளுக்கு மேல் விடக் கூடாது என்பது எல்லை. கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரந்தோறும் வெட்டி விடுங்கள். நீண்ட நகமே புண்ணைச் சீழாக்குகிறது.

அத்தர், மருதாணி: அத்தரைத் தோலில் தடவாமல் ஆடையில் தடவுங்கள். அரைத்த மருதாணி இலை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கும் கூம்புகளில் தலைமுடிச் சாயத்தில் உள்ள இரசாயனம் சேர்க்கப்படுவதுண்டு; அது கொப்புளம் கிளப்பும். பெருநாளைக்கு முன்னிரவில் பிள்ளைகளின் கைகளில் அதைப் பூசாதீர்கள். கவரிங் நகையும் ஊக்கும் படும் இடத்தில் அரித்தால், அதிலுள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம்.

உணவு: கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாகக் "கரப்பான் பண்டம்" எனப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். ஒன்றைத் தின்றவுடன் தடிப்போ வாந்தியோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் வளரும் பிள்ளையின் உணவைக் குறைத்து விடாதீர்கள்.

பட்டு, பருத்தி, சாயம்

முதலில் கூறிய ஹதீஸுக்கு மீண்டும் வருவோம். அதை ஆதாரமாகக் கொண்டு, அரிப்பு நோயுள்ள ஆண் பட்டு அணியலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதனைப் பொதுவான அனுமதியாகக் கொள்ளவில்லை. ஹனஃபி மத்ஹபில், பாவு பட்டாகவும் ஊடை பருத்தியாகவும் நெய்த துணியை ஆண்கள் அணிவது கூடும் என ஹிதாயாவில் உள்ளது. பாவும் ஊடையும் நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை! தனிப்பட்ட நிலைக்குத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும்.

எனினும் ஒன்றை மயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஹதீஸ் அனுமதியைப் பற்றிப் பேசுகிறது. பட்டு கரப்பானைக் குணமாக்கும் என்று அதில் கூறப்படவில்லை. சிகிச்சைக்கென நெய்த பட்டு உள்ளாடைகளை 300 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் அணிவித்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2017-ல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையை விடக் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆகவே "சுன்னத்தான பட்டு வைத்தியம்" என்று யாரேனும் விலை கூறினால் ஏமாறாதீர்கள். மென்மையான, தளர்ந்த பருத்தி ஆடையே போதும். கம்பளியும் நைலானும் தோலில் நேராகப் படக் கூடாது. கம்பளி முஸல்லா நெற்றியிலும் முழங்காலிலும் உறுத்தினால் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தொழுங்கள்.

சாயப்பட்டறையில் உழைக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டு நூலின் பசை போகச் சோப்பும் சோடாவும் இட்டு வேக வைக்கிறோம். நூலின் பசையை எடுக்கும் அதே காரம் கையின் பசையையும் எடுத்து விடுகிறது. எனவே உள்ளே பருத்திக் கையுறை, மேலே நீண்ட ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். உள்ளுறை வியர்வையில் நனைந்தால் மாற்றுங்கள். கையில் ஏறிய சாயத்தைப் போக்க பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். தோலில் ஊறிய நிறம் உளூவைத் தடுக்காது. கையுறை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பதையும் பட்டறை உரிமையாளர்கள் உணர வேண்டும்.

மருந்தும் துஆவும்

அல்லாஹ் மருந்தில்லாத நோயை இறக்கவில்லை, முதுமையைத் தவிர என்ற கருத்தில், மருத்துவம் செய்து கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஓதிப் பார்ப்பது துஆ; மருந்திடுவது ஸுன்னத்து. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

கரப்பான் கிளம்பும் நாட்களில் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுப்பார். அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை பூசினால் அச்சமில்லை. பயந்து பாதியில் நிறுத்துவதும் தவறு. மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் பூசுவது அதனினும் தவறு. தோல் மெலிந்து விடும்; படர்தாமரையாக இருந்தால் உடலெங்கும் பரவி விடும். இத்தகைய களிம்புகளைச் சீட்டின்றி விற்பதை 2018-ல் இந்திய அரசு சட்டத்தால் தடுத்துள்ளது.

புண்ணில் மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வலியுடன் கூடிய சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினாலோ வீட்டு மருத்துவத்தை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். வேலூர், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குச் செலவின்றிச் சிகிச்சை பெறலாம்.

அன்பான சகோதர சகோதரிகளே! தொழுகை எந்நோயிலும் விடப்படக் கூடாதது. அதே தொழுகைக்காக நோயைக் கூட்டிக் கொள்ளும்படியும் நம் இறைவன் பணிக்கவில்லை. கழுவ முடிந்தவர் கழுவட்டும், முடியாதவர் தடவட்டும், அதுவும் முடியாதவர் தூய மண்ணில் கை வைக்கட்டும். மூவரும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களே.

வல்ல நாயன் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவையும், நமக்கு அவர்களின் துன்பத்தை உணரும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.